கூடத்தின் சாவி யாரிடம்? டர்பன் வட்டாரத் தமிழ்க் கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

டர்பன், ஃபீனிக்ஸ், சாட்ஸ்வர்த், வெருலம், டோங்காட், இசிபிங்கோ வட்டாரங்களின் தமிழ்க் கோயில் நிர்வாகக் குழுவினருக்கும் தமிழ்ச் சங்கப் பெரியவர்களுக்கும் பணிவான வணக்கம்.

வெள்ளம் வடிந்த மறுநாள் உங்கள் சமையற்கட்டுகளில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். 2022 ஏப்ரலில் அண்டா அண்டாவாகக் காய்கறி பிரேயாணி வெந்ததையும், போர்வையும் பால்பவுடரும் மூட்டை மூட்டையாக வந்து குவிந்ததையும், வாங்க வந்தவரை யார் எவர் என்று ஒருவரும் கேட்காததையும் கண்ணால் பார்த்தவள் நான். அந்தக் கைகளுக்கு என் நன்றி என்றும் உண்டு. இப்போது உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான்: வெள்ளத்துக்கு முந்தைய மாதம் உங்கள் கோயில் என்ன செய்யும்?

நான் பேரிடர் அபாய மேலாண்மையில் வேலை பார்க்கிறவள். தென்னாப்பிரிக்காவில் நம் குவாசுலு-நடால் மாகாணத்திலும், அவ்வப்போது மொசாம்பிக்கிலும். இந்த வேலை என்றதும் ஹெலிகாப்டரில் தொங்கி ஆளைத் தூக்குவதுதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அது மீட்புப் பணி, அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் செய்வது. எங்கள் வேலையில் பெரும்பங்கு வெயில் காயும் நாட்களில் நடக்கிறது. எந்தச் சரிவு மண் இளகும், எந்த மதகு குப்பையில் அடைத்துக்கொள்ளும், எந்த வீட்டில் ஆயா படுத்த படுக்கையாக இருக்கிறார், எச்சரிக்கை வந்தால் முதல் போன் யாருக்குப் போகவேண்டும் என்று வீதி வீதியாகக் கேட்டு வரைபடத்தில் ஏற்றுகிறோம். ஆறு மாதத்தில் பாதிப் பேரின் போன் எண் மாறியிருக்கும். மறுபடி போய்க் கேட்கிறோம். படம் பிடித்துக் காட்ட ஒன்றும் இல்லாத வேலை. உயிரைக் காப்பது பெரும்பாலும் இதுதான் என்று நான் முழுமனதாக நம்புகிறேன்.

நம் மக்களுக்கு வெள்ளம் புதிதல்ல. 1917 அக்டோபர் 28 அன்று உம்கேனி ஆறு கரை புரண்டபோது ஸ்பிரிங்ஃபீல்டு பக்கத்துத் தாழ்நிலங்களில் காய்கறி பயிரிட்டுக் குடியிருந்த நம்மவர்கள் நூற்றுக்கணக்கில் போய்விட்டார்கள். படவட்டான் அறுவர் என்று இன்றும் பேசப்படும் ஆறு பேர் படகை எடுத்துக்கொண்டு அந்த வெள்ளத்துக்குள் திரும்பத் திரும்பப் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். அந்த அறுவரை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாடவும் வேண்டும். ஆனால் அதே கரையில், அதே ஆற்றுக்குப் பக்கத்தில், தகரக் குடிசைகளோடு டின் டவுன் பிறகு எழுந்தது. 1976-இல் அதையும் தண்ணீர் எடுத்துக்கொண்டது. அப்போது வீடிழந்து வந்தவர்கள்தான் ஃபீனிக்ஸின் முதல் குடிகள். உங்களில் சிலருடைய பெற்றோர் அந்த லாரிகளில் வந்து இறங்கியவர்களாக இருக்கலாம்.

ஆற்றங்கரையில் வாழ்வது யாருடைய ஆசையும் இல்லை. வேறு நிலம் கிடைக்காதவருக்கு மிச்சமாக விடப்பட்டது அந்த நிலம். அன்றைக்கு அங்கே நாம் இருந்தோம். இன்றைக்கு அதே ஆறுகளின் கரையில், அதே சரிவுகளில், பெரும்பாலும் ஜூலு பேசும் ஏழை மக்கள் இருக்கிறார்கள். சாட்ஸ்வர்த்தின் பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியை நம் வீட்டு மாடியிலிருந்தே பார்க்கலாம்.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீங்களும் அதற்குள் இருந்தவர்கள். மேல்காற்றோட்டத்திலிருந்து துண்டாகி நகராமல் நிற்கும் தாழ்வு மண்டலம் ஒன்று கரையோரம் நின்றுகொண்டது. சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 430 பேருக்கு மேல் இறந்தார்கள், 40,000 பேருக்கு மேல் வீடிழந்தார்கள். டர்பனின் பெரியா மேட்டுச் சிவப்பு மணல் தண்ணீர் குடித்தால் நிற்காது. அதன்மேல் கட்டிய சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் விழுந்தன. புவி வெப்பமாகாத காலத்தோடு ஒப்பிட்டால் இப்படிப்பட்ட மழைக்கான வாய்ப்பு இரட்டிப்பாகிவிட்டது என்று அந்த மழையை ஆராய்ந்த அறிவியலாளர்கள் சொன்னார்கள்: முன்பு 40 ஆண்டுக்கு ஒருமுறை, இப்போது 20 ஆண்டுக்கு ஒருமுறை. நம் பிள்ளைகள் இன்னொன்றைப் பார்ப்பார்கள் என்று வைத்துக்கொண்டுதான் பேசவேண்டும்.

வானிலைச் சேவை மஞ்சள் எச்சரிக்கையில் தொடங்கி அதைவிடக் கடுமையான ஆரஞ்சுக்கு உயர்த்தியது. அந்த எச்சரிக்கை எத்தனை வீட்டுக் கதவைத் தட்டியது? தட்டிய ஓர் இடம் உண்டு. பால்மியெட் ஆற்றங்கரையில் குவாரி ரோடு வெஸ்ட் என்ற குடிசைப் பகுதி. குடியிருப்பவர்களும் மாநகராட்சி நீரியல் அலுவலர்களும் குவாசுலு-நடால் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். மேலே மழை வலுத்தால் அலுவலர் அங்கே எழுதுவார். கீழே ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று குடியிருப்பவர் படம் எடுத்துப் போடுவார். அன்றிரவு நூற்றுக்கணக்கான குடிசைகள் ஆற்றோடு போயின. ஆட்கள் முன்பே மேடேறிவிட்டார்கள். கோடிக்கணக்கான ராண்டுக் கருவி எதுவும் அங்கே இல்லை. பல ஆண்டுகள் பேசிப் பழகி உண்டான நம்பிக்கை இருந்தது. நள்ளிரவில் ஓர் அலுவலர் "இப்போதே கிளம்புங்கள்" என்று எழுதினால் கைக்குழந்தையோடு மழைக்குள் இறங்குவதற்கு அந்த நம்பிக்கை வேண்டும். அது ஒரு நாளில் வராது.

வளரும் நாடுகளில் இந்தத் துறை கற்றுக்கொண்ட பெரிய பாடமே இதுதான். 1970 போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேரை இழந்த வங்கக் கரை, 1972 முதல் ஊர்க்காரர்களையே தன்னார்வலர்களாக்கி வளர்த்தது. இன்று 76,000 பேர், அவர்களில் பாதி பெண்கள். 2020-இல் அம்பான் புயல் வந்தபோது வங்கதேசத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இடம் மாற்றினார்கள், அதுவும் கொரோனா காலத்தில். அங்கே இறந்தவர்கள் சில பத்துப் பேர். மொசாம்பிக்கின் பூசி ஆற்றங்கரையில் ஊர்க்காரர்களே மழைமானியைப் பார்த்து அளவெடுத்து ரேடியோவில் சொல்லும் ஏற்பாடு உண்டு. 2019 இடாய் புயலில் அந்த வட்டாரமே கடலாகிவிட்டது, எல்லாரையும் காப்பாற்ற முடியவில்லை. ஆனாலும் வெளிநாட்டு நிபுணர் மூன்று மாத ஒப்பந்தத்தில் வந்து அறிக்கை எழுதிவிட்டுக் கிளம்பிய பிறகும், அந்த மழைமானிக்காரர் அங்கேயே இருக்கிறார். இந்தத் துறையின் பணமும் மரியாதையும் வந்து போகிறவருக்கே அதிகம் கிடைப்பது எனக்கு ஆறாத வருத்தம்.

நம்மிடம் அப்படி ஊன்றி நிற்கிற அமைப்பு எது என்று யோசித்தால் கோயில்தான். கரும்புத் தோட்டத்துக் காலத்திலிருந்து நம்மோடு நிற்கிறது. கூடம் இருக்கிறது, அண்டா இருக்கிறது, கூப்பிட்டால் வரும் இளைஞர்கள் இருக்கிறார்கள், எந்த வீட்டில் யார் நோயாளி என்று தெரிந்த அம்மாக்கள் இருக்கிறார்கள். அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

பேர் சொல்லாமல் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கோயிலின் கல்யாணக் கூடத்தை அவசரத் தங்குமிடப் பட்டியலில் சேர்க்க முடியுமா என்று பார்க்கப் போயிருந்தோம். அருமையான கூடம். உயரமான மேட்டில், உறுதியான கூரையோடு, பெரிய கேஸ் அடுப்புகளோடு இருந்தது. வாசலில் ஏழு படி, சக்கர நாற்காலி ஏற வழியில்லை. ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர், ஆனால் குழாய் தோட்டத்துக்கு மட்டும் போகிறது. கழிப்பறைக்கு மாநகராட்சித் தண்ணீர்தான். (டோங்காட்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2022-இல் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்குக் கேனோடு நின்றவர்கள் அவர்கள்.) கடைசியாக, இரவு இரண்டு மணிக்குக் கூடத்தைத் திறக்கவேண்டுமானால் சாவி யாரிடம் என்று கேட்டோம். ஒன்று செயலாளரிடம், இன்னொன்று குருக்களிடம் என்றார்கள். குருக்கள் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தார். செயலாளர் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். 2022-இல் அந்தப் பாலத்தின்மேல் தண்ணீர் ஓடியது.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. யாரும் அதுவரை அவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை, அவ்வளவுதான். மூன்றாவது சாவி ஒன்று கோயில் தெருவிலேயே இருக்கும் வீட்டுக்கு இப்போது போயிருக்கிறது. ஒரு பிளம்பர் அரைநாளில் தொட்டிக் குழாயைக் கழிப்பறைக்கும் திருப்பிவிட்டார். படிக்கட்டு மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

இதற்கெல்லாம் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2002-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிவாரணத்தை விட முன்தடுப்பையே முன்னால் வைக்கிறது. பெருநகராட்சிகள் தன்னார்வலர் பிரிவு அமைத்துக்கொள்ளலாம் என்று அதில் தனி அத்தியாயமே உண்டு. உலகம் பாராட்டிய சட்டம். ஏட்டில் இருப்பதற்கும் வார்டில் நடப்பதற்கும் உள்ள தூரம்தான் மனதை உறுத்துகிறது. மாநகராட்சி தானாக வரும் என்று காத்திருக்காமல் நீங்கள் எழுத்தில் கேளுங்கள். எங்கள் கூடம், எங்கள் சமையற்கட்டு, எங்கள் தன்னார்வலர் இத்தனை பேர், எங்களை உங்கள் திட்டத்தில் சேருங்கள், பயிற்சி கொடுங்கள் என்று கேளுங்கள். கோயில் முத்திரை வைத்த கடிதத்தை ஓர் அலுவலகம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

காலமும் உங்களிடமே இருக்கிறது. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம், மழை இல்லாத மாதம் அது. கோயிலைச் சுற்றியுள்ள ஓடையையும் மதகையும் சுத்தம் செய்ய அதைவிட நல்ல மாதம் இல்லை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் விரதக்காரர்களால் கோயில் நிறைகிறது. கோடை மழை தொடங்குவதும் அப்போதுதான். 1987-இல் 300 பேருக்கு மேல் பலிகொண்ட பெருவெள்ளம் செப்டம்பர் கடைசியில் வந்தது. அந்தச் சனிக்கிழமைகளில் வாசலில் ஒரு மேசை போட்டுப் பெயர், போன் எண், வீட்டில் நடக்க முடியாதவர் உண்டா என்று எழுதி வாங்கினால் நாங்கள் ஓராண்டு அலைந்து சேர்ப்பதை நீங்கள் ஒரு மாதத்தில் சேர்த்துவிடுவீர்கள்.

அந்தப் பட்டியல் நம்மவரோடு நின்றுவிடக்கூடாது. தயக்கமில்லாமல் சொல்கிறேன். 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸில் 30-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் கருப்பினத்தவர். அந்தக் காயம் ஆறவில்லை. வெள்ள இரவில் நம் கூடத்துக்கு வரத் தயங்கி ஒரு ஜூலுத் தாய் குழந்தையோடு குடிசையிலேயே இருந்துவிட்டால் அந்தத் தயக்கமும் உயிரை எடுக்கும். மேட்டுக்கு வரும் பாதையை வெயில் நாளில் அவர்களோடு சேர்ந்து ஒருமுறை நடந்து பாருங்கள். அறிவிப்புப் பலகையை ஜூலுவிலும் எழுதுங்கள். கூடத்தை நடத்தும் குழுவில் அவர்களில் இருவரை உட்காரவையுங்கள்.

கடைசியாக நம் பிள்ளைகளைப் பற்றி. ஆண்டுதோறும் நீங்கள் கல்வி உதவித்தொகை கொடுக்கிறீர்கள். மருத்துவம், கணக்கியல், சட்டம் என்று போகிறது, நல்லது. அதில் ஒன்றை இந்தத் துறைக்கு ஒதுக்குங்கள். நார்த் வெஸ்ட், ஃப்ரீ ஸ்டேட், ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே மையங்கள் இருக்கின்றன. புவியியல், நீரியல், பொறியியல், செவிலியர், சமூகப்பணி என்று எந்தப் படிப்பிலிருந்தும் இதற்குள் வரலாம். சம்பளம் டாக்டருக்கு ஈடாகாது, ஒப்பந்தம் குறுகியது, ஊர் ஊராகப் போகவேண்டும். பெற்றோருக்கு இதை மறைக்காமல் சொல்லுங்கள். ஜூலு சரளமாகப் பேசவேண்டும் என்பதையும் சொல்லுங்கள். மக்களிடம் உட்கார்ந்து பேச முடியாதவருக்கு இந்த வேலையில் பட்டம் உதவாது. அப்படி ஒரு பெண்ணோ பையனோ கிடைத்தால் முதல் விடுமுறையில் என்னோடு அனுப்புங்கள், வார்டு வார்டாகக் கூட்டிப்போகிறேன்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருட்பட்டியலில் இதற்கு அரைமணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். உங்கள் பகுதியின் வெள்ள வரைபடத்தை எடுத்துக்கொண்டு வருகிறேன். எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் வரும் என்பதை அதில் இருப்பதைவிட நீங்களே சரியாகக் காட்டுவீர்கள், அதைக் குறித்துக்கொள்ளப் பேனாவும் கொண்டுவருகிறேன். சேர்ந்து முடிவெடுத்தால் வரும் புரட்டாசி முதல் சனிக்கிழமைக்கு அந்த மேசையைப் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
பேரிடர் அபாய மேலாண்மைப் பணியில் இருக்கும் உங்கள் ஃபீனிக்ஸ் மகள்