கடைக்காரர்களே முதலாளியாகும் மருந்துக் கிடங்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் கூடவே அனுப்பிய துணைவிதி (சங்கத்தின் உள்விதிகள்) வரைவும் வந்து சேர்ந்தன. மருந்துக் கடைக்காரர்கள் கூடி சொந்தக் கிடங்கு வைக்கப் போகிறார்கள் என்பது நல்ல செய்தி. நோக்கம், உறுப்பினர் தகுதி, தேர்தல் எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறாய். மூலதனம் மட்டும் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. இந்த மாதிரிச் சங்கங்கள் பிழைப்பதும் படுப்பதும் அந்தப் பகுதியில்தான் என்பதால், மற்றதை விட்டுவிட்டு அதையே நீட்டி எழுதுகிறேன்.

மருந்துக் கூட்டுறவில் இரண்டு வகை உண்டு என்பது உனக்குத் தெரியும். மருந்து வாங்குகிற பொதுமக்களே உறுப்பினர்களாக இருப்பது ஒன்று. அது இங்கிலாந்தின் ராச்டேல் ஊர்க்காரர்கள் காட்டிய வழி: 1844இல் 28 பேர் 28 பவுன் திரட்டிக் கடை வைத்து, யார் எவ்வளவு வாங்கினாரோ அதற்கேற்ப லாபத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் உறுப்பினர்களாகி மொத்த விற்பனைக் கிடங்கைச் சொந்தமாக வைத்துக்கொள்வது இன்னொன்று; உன் ஆட்களுடையது இதுதான். பிரான்சின் ரூவான் நகரில் 1919இலும், பிரிட்டனில் யூனிகெம் என்ற பெயரில் 1938இலும், ஜெர்மனியின் எசன் நகரில் நோவேடா 1939இலும், மத்ரித்தில் கோஃபாரெஸ் 1944இலும் இப்படித்தான் தொடங்கின. தனிக்கடைக்காரர் தனியாகப் போய் நின்றால் மருந்துக் கம்பெனி விலையில் இறங்கி வராது. ஆரம்பத்துக்கு அந்த ஒரு காரணமே போதுமாயிருந்தது.

ஆனால் வளர்ச்சி ஒரே மாதிரி அமையவில்லை. நோவேடாவும் கோஃபாரெஸும் இன்றும் கூட்டுறவுகள். யூனிகெம் 1990இல் லண்டன் பங்குச் சந்தைக்குப் போனது; 1997இல் அலையன்ஸ் சாந்தே என்ற மருந்து மொத்த விற்பனை நிறுவனத்துடன் இணைந்தது; 2006இல் பூட்ஸ் என்ற சங்கிலி மருந்துக்கடை நிறுவனத்துடன் சேர்ந்தது. தனிக்கடைகளுக்காகப் பிறந்த கிடங்கு, அந்தக் கடைகளின் பெரிய போட்டியாளரோடு ஒரே நிறுவனமாகிவிட்டது. இதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. ஜெர்மனியில் மருந்துக்கடையின் உரிமையாளர் மருந்தாளுநராகத்தான் இருக்க வேண்டும். 2004க்குப் பிறகும் ஒரு தலைமைக் கடை, மூன்று கிளை, அவ்வளவுதான். ஸ்பெயினிலும் கடை மருந்தாளுநர் பெயரில்தான். கம்பெனிகள் சங்கிலிக் கடை போட முடியாத நாட்டில் கூட்டுறவுக்கு வாடிக்கை தானாக நிலைக்கிறது. பிரிட்டனில் அந்த வேலி இல்லை. அதனால் உன் ஆட்கள் இருக்கும் இடத்தின் கடை உரிமைச் சட்டத்தை முதலில் படி. வேலி இல்லையென்றால் துணைவிதிதான் வேலி: பொதுச் சேமநிதியைப் பிரித்துக்கொள்ளக் கூடாது, சங்கம் கலைந்தால் அது வேறொரு கூட்டுறவுக்கே போக வேண்டும் என்று எழுது. சேமநிதியில் பங்கு கேட்க முடியாது என்று தெரிந்தால், சங்கத்தை விற்கும் பேச்சுக்கு அவ்வளவாக ஆள் சேராது.

இனி கணக்கு. சரக்கு கிடங்கில் சராசரி 30 நாள் இருக்கிறது, உறுப்பினருக்கு 30 நாள் கடன், கம்பெனி நமக்குத் தருவது 21 நாள் என்று வை. 30ஐயும் 30ஐயும் கூட்டி 21ஐக் கழித்தால் 39 நாள் வியாபாரத்துக்கான பணம் எப்போதும் நம் கையிலிருந்து முடங்கிக் கிடக்கும். ஆண்டு விற்றுமுதலில் ஏறக்குறைய 10.7 சதவீதம். உறுப்பினர் கடனை 7 நாளாக்கினால் இடைவெளி 16 நாள், அதாவது 4.4 சதவீதம். மொத்த விலை வியாபாரத்தில் உபரி சொற்பம். விற்றுமுதலில் 1 சதவீதம் மிஞ்சி, அதில் 0.6ஐச் சங்கம் வைத்துக்கொள்கிறது என்றால், வெளிக்கடன் இல்லாமல் 30 நாள் கடனில் ஆண்டுக்கு 5 அல்லது 6 சதவீதம்தான் வளரலாம். 7 நாள் கடனில் 13 சதவீதம் வரை. கூட்டத்தில் இந்த இரண்டு எண்களைச் சொன்னால் கடன் நாளைக் கூட்டச் சொல்லும் குரல் அடங்கும். முழுக்க அடங்காது, ஆனாலும் சொல்.

மீதி 0.4ஐ ரொக்கமாகக் கொடு, வைத்துக்கொண்ட 0.6ஐ ஒவ்வோர் உறுப்பினர் பெயரிலும் வரவு வை (மேலே சொன்ன பொதுச் சேமநிதி வேறு, இது வேறு). பழைய ஆண்டு வரவை எட்டாம் ஆண்டுக்குப் பிறகு வரிசைப்படி திருப்பித் தரலாம். ஓய்வு பெறுகிறவரின் பணத்தை ஒரே காசோலையில் கொடுக்கும் வாசகம் உன் வரைவில் இருக்கிறது, அதை எடுத்துவிடு. ஒரே தலைமுறையில் சேர்ந்தவர்கள் ஒரே சமயத்தில் கடையை மூடுவார்கள், அப்போது மூலதனம் கூட்டாகக் கிளம்பும். ஐந்து தவணை போதும். உறுப்பினர் பாக்கி வைத்தால் அவர் வரவில் கழித்துக்கொள்ளும் உரிமையையும் சேர்.

அடுத்த தொல்லை உறுப்பினர்களே. வேகமாக ஓடும் பத்துப் பதினைந்து மருந்துகளை வெளி வியாபாரி தள்ளுபடியில் தருவான். அதை அங்கே வாங்கிவிட்டு, அபூர்வ மாத்திரைக்கும் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய இன்சுலினுக்கும் நம்மிடம் வருவார்கள். ஆர்டரில் ஒரு வரியாக வரும் சரக்கை அலமாரியிலிருந்து எடுக்கும் கூலி, அது ஒரு மாத்திரைப் பட்டையானாலும் ஒரு பெட்டியானாலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே தள்ளுபடியைத் தொகையை மட்டும் பார்த்துக் கொடுக்காதே. ஆர்டரில் எத்தனை வரி, ஒரு வரிக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்துப் படிநிலை வை. முழுக்க இங்கேதான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதே, போட்டிச் சட்டம் குறுக்கே வரலாம். சில்லறை விலையைக் கூட்டத்தில் பேசவே வேண்டாம்.

காலாவதிக்கு ஒரே வழி, முதலில் காலாவதியாகும் பேட்ச் முதலில் வெளியே போவது. முதலில் வந்தது முதலில் என்பது மருந்துக்குப் பற்றாது. பேட்ச் எண் எந்தக் கடைக்குப் போனது என்று பதிவு இல்லாவிட்டால் கம்பெனி திரும்பப் பெறும் நாளில் எல்லாருக்கும் போன் போட வேண்டியிருக்கும். பத்து வாங்கினால் இரண்டு இலவசம் என்கிற திட்டங்களைக் கொள்முதல் ஆள் தனியாக முடிவு செய்ய விடாதே. காலாவதிச் சரக்கில் கணிசமானது அப்படி உள்ளே வருவதுதான்.

நிர்வாகக் குழு முழுக்க மருந்தாளுநர்கள் என்று போட்டிருக்கிறாய். கிடங்கும் நிதியும் தெரிந்த ஒருவரை ஓட்டுரிமை இல்லாமலாவது உட்கார வை.

மூலதனப் பகுதியைத் திருத்தி அனுப்பு. உறுப்பினர் கடைகளில் அதிகம் போகும் 200 மருந்துகளின் பட்டியலையும், ஒவ்வொன்றும் எத்தனை நாளில் தீர்கிறது என்பதையும் வாங்கிச் சேர்த்துவிடு. 30 நாள் சரக்கு என்று நான் வைத்தது சரியா என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும்.

அன்புடன்,
ரகு