வரேக்க வரும்

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் நோவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, "வயது போனால் வயது போனதுதான்" என்று முடித்திருந்தாய். சத்தமாக வாசித்தேன். "தாத்தா எழுதினது டோட்டோலொஜி" என்றாள் பேத்தி. என்ன நடந்தாலும் உண்மையாகவே நிற்கிற வசனமாம். ஏ.எல். பரீட்சைக்கு அளவையியல், அதுதான் லொஜிக், எடுக்கிறாள்.

உடனே கொப்பியும் வந்தது. "மழை பெய்கிறது அல்லது பெய்யவில்லை" என்பதற்கு உண்மை அட்டவணை போட்டிருந்தாள். முதல் இரண்டு நிரலிலும் உண்மையும் பொய்யும் இடம் மாறி நிற்க, கடைசி நிரலில் மேலும் கீழும் உண்மைதான். ஒருக்காலும் பொய்க்காது, வெளியே மழையா வெயிலா என்பதும் தெரியவராது. மெய்யியலாளர் விற்கன்ஸ்ரைனும் 1921இல் வெளிவந்த நூலில் இதே மழையைத்தான் உதாரணம் காட்டினாராம்.

நேற்று புறக்கோட்டைக்குப் போகையில் குடை தேவைப்படுமோ என்று ஓட்டோக்காரரைக் கேட்டேன். "பெய்யலாம், பெய்யாமலும் விடலாம்" என்றார். இதுவும் டோட்டோலொஜிதானே என்றேன் பேத்தியிடம். "இல்லை அப்பப்பா, ரெண்டுக்கும் இடமிருக்கு எண்டு அவர் ஒரு செய்தி சொல்லுறார். கட்டாயம் பெய்யிற நாளில அது பிழைச்சுப் போகும்." வாயடைத்துப் போனேன். நனைந்ததைச் சொல்லவில்லை.

நன்னூல் நினைவிருக்கிறதா? ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றத்தில் கூறியது கூறல் மூன்றாவது. அதே நூல்தான் ஒருபொருட் பன்மொழி என்று, ஒரே பொருள் தரும் சொற்கள் சேர்ந்து வரக் கதவையும் திறந்து விட்டது. மீ என்றாலும் மிசை என்றாலும் மேல்தான், ஆனால் "மீமிசை ஞாயிறு" அழகு. நாங்கள் சொல்கிற "களனி கங்கை ஆறு" எதில் சேரும்? சிங்களத்தில் கங்கை என்றாலே ஆறு!

காணி உறுதியின் பிரதிக்காக ஒரு கந்தோருக்கு மூன்றாம் தரமும் போனேன். எப்போது வரும் என்று கேட்க, தலை நிமிராமலே, "வரேக்க வரும், ஐயா." பேத்தியின் கணக்கில் அது வெறும் வசனம். எனக்கோ எல்லாம் விளங்கியது: எழும்பிப் போ, இனிக் கேளாதே.

உன் வசனத்தையும் இரவு அப்படித் திரும்ப வாசித்துப் பார்த்தேன். டொக்டரிடம் போவதை விட்டுவிட்டாய், என்ன? மறைக்காமல் எழுது.

உன்,
பழைய வாங்குத் தோழன்