ஏற்காட்டுக் குழந்தைகளுக்கு ஆக்குபேஷனல் தெரபி மலையிலேயே கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்டிசக் குழந்தைகள் பலருக்குக் காதின் உட்புறத்திலிருந்து வரும் சமநிலை உணர்வு மிகக் கூர்மையாக இருக்கும். அவர்களுக்கு அந்த ஒரு மணி நேரப் பேருந்துப் பயணமே பெரும் வதை. அடிவாரம் வருவதற்குள் இரண்டு முறை வாந்தி. கோரிமேடு, அஸ்தம்பட்டி தாண்டும்போது ஹாரன் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுகை. சேலத்தில் கிடைக்கும் முக்கால் மணி நேர ஆக்குபேஷனல் தெரபிப் பயிற்சியில் பாதி, பிள்ளையை அமைதிப்படுத்துவதிலேயே போய்விடுகிறது. 'குழந்தை ஒத்துழைக்கவில்லை' என்று நோட்டில் எழுதப்படுகிறது. ஒத்துழைக்க அந்தப் பிள்ளையிடம் தெம்பு மிச்சமில்லை.

நாகலூர், செம்மநத்தம் பக்கத்துக் குடும்பங்கள் ஏற்காடு வந்து சேரவே முதலில் ஒரு பேருந்து பிடிக்க வேண்டும். எஸ்டேட் வேலைக்குப் போகும் தாய்க்கு ஒரு நாள் கூலி போகும். நவம்பரில் காபிப் பழம் பறிக்கத் தொடங்கினால் ஜனவரி வரை அவரால் நகர முடியாது. இப்படித்தான் பயிற்சி நின்றுபோகிறது. பெற்றோருக்கு அக்கறையில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

முதலில் பெயர்க் குழப்பம். 'தொழில்முறை சிகிச்சை' என்று தமிழில் எழுதியிருப்பதைப் பார்த்து, ஏதோ வேலைக்கான பயிற்சி, நான்கு வயதுப் பிள்ளைக்கு எதற்கு என்று திரும்பிப் போனவர்கள் உண்டு. பெரிய மருத்துவமனையில் சுருக்கமாக 'ஓ.டி. எங்கே' என்று கேட்டால் ஆபரேஷன் தியேட்டருக்குக் கை காட்டுவார்கள். 'ஆக்குபேஷனல் தெரபி' என்று முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். சாப்பிடுவது, உடுத்துவது, பல் துலக்குவது, விளையாடுவது, வகுப்பில் உட்காருவது என ஒரு குழந்தையின் அன்றாட வேலைகள் எங்கே, ஏன் தடைபடுகின்றன என்று கண்டுபிடித்து வழி செய்வதுதான் இது.

அரசு வழியில் தொடங்க வேண்டிய இடம், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை அங்கே பார்க்கிறார்கள். அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழுவிடமே பரிந்துரைச் சீட்டு வாங்கலாம். பயிற்சியைத் தொடங்க மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தேவையில்லை. சான்றிதழ் வரட்டும் என்று காத்திருந்து, மூளை வேகமாக வளரும் ஆண்டுகளை இழப்பதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு. போகும் முன், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எந்தக் கிழமைகளில் இருப்பார் என்று போனில் கேட்டுவிடுங்கள். இயன்முறை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் இருப்பதை வைத்து இவரும் இருப்பார் என்று எண்ணிவிடக் கூடாது.

சான்றிதழ் வேலை இன்னொரு பக்கம் நடக்கட்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தனியாகவே பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதற்கான இந்திய மதிப்பீட்டு அளவுகோலில் 40 கேள்விகள்; 70 மதிப்பெண்ணிலிருந்து ஆட்டிசம் என்று கணக்கு. பிள்ளை மருத்துவமனையில் ஒரு நாள் அமைதியாக இருந்துவிட்டால் மதிப்பெண் குறையும். வீட்டில் நடப்பதை அரை நிமிட வீடியோக்களாக எடுத்துப் போய்க் காட்டுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு; தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

தனியார் மையம் தேடுவோர் கூரையில் தொங்கும் ஊஞ்சலையும் பந்துக் குளத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பயிற்சி தருபவர் பி.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி இளநிலைப் பட்டம்) படித்தவரா என்று கேளுங்கள். நான்கு ஆண்டுக்கும் மேலான படிப்பு அது. சில வாரச் சான்றிதழோடு ஊஞ்சல் ஆட்டுபவர் இதைச் செய்ய முடியாது. முதல் மதிப்பீடு ஒரு மணி நேரமாவது நடக்க வேண்டும். பெற்றோர் அறைக்குள் இருக்க வேண்டும். இலக்கு எழுத்தில் இருக்க வேண்டும். 'கவனம் மேம்படும்' என்பது இலக்கே இல்லை. 'ஆறு வாரத்தில் சட்டையின் நான்கு பொத்தான்களில் கீழ் இரண்டைத் தானே போடுவான்' என்பது இலக்கு. ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கேட்டாலோ, இத்தனை மாதத்தில் குணம் என்று தேதி சொன்னாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

ஆனால் வாரம் இரண்டு முறை மையத்துக்குப் போய் வந்தால் மட்டும் போதும் என்று நினைப்பதும் சரியில்லை. மாற்றம் வருவது வீட்டில், தினமும், சிறுகச் சிறுகச் செய்வதில். சோறு விரலில் ஒட்டினால் கையை உதறிக்கொண்டு ஓடும் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அகலமான தாம்பாளத்தில் அரைப் படி ஜவ்வரிசியைக் கொட்டுங்கள். சேலத்தில் அதற்குப் பஞ்சமில்லை. உள்ளே பிள்ளைக்குப் பிடித்த நாலைந்து பொம்மைகளைப் புதைத்துத் தேட விடுங்கள். முதலில் கரண்டியால், பிறகு விரலால். ஐந்து நிமிடம் போதும். உலர்ந்ததைத் தொடத் தயங்காத பிறகு ஊறிய ஜவ்வரிசி, அதன் பின் ஆறிய வெறுஞ்சோறு, கடைசியில் பருப்புச் சோறு. ஒவ்வொரு படிக்கும் ஒரு வாரமோ ஒரு மாதமோ ஆகலாம். பக்கத்தில் ஈரத்துணி எப்போதும் இருக்கட்டும். நினைத்தபோது துடைத்துக்கொள்ளலாம் என்ற உறுதி இருந்தால்தான் பிள்ளை கை வைக்கும். மணிக்கட்டைப் பிடித்துச் சோற்றில் அழுத்தினால் மறுநாள் தட்டின் பக்கமே வராது. எதையும் வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு ஜவ்வரிசி வேண்டாம், சப்பாத்தி மாவு கொடுங்கள். எதுவானாலும் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஊஞ்சலுக்குச் சேலைத் தூளியே போதும். கான்கிரீட் கூரைக் கொக்கியிலோ உறுதியான உத்தரத்திலோ கட்டுங்கள். தகரக் கூரைக் குழாய் தாங்காது. கீழே மெத்தை விரியுங்கள். முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டினால் பிள்ளை அமைதியாகும். சுற்றிவிட்டால் விறுவிறுப்பு ஏறும். படுக்கப் போகும் நேரத்தில் சுற்றிவிட்டு, 'தூங்க மாட்டேன் என்கிறான்' என்று வருந்துகிறார்கள். முகம் வெளுத்தாலோ, வியர்த்தாலோ, கொட்டாவி விட்டாலோ உடனே நிறுத்துங்கள். வலிப்பு உள்ள குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் சுற்றவே கூடாது. உட்கார வைத்து எழுத வைக்கும் முன், அரைக் குடம் தண்ணீர் தூக்குவது, மாவு பிசைவது, இரண்டு கிலோ காபிப் பழப் பையை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கொண்டு போவது போன்ற வேலைகளைக் கொடுங்கள். தசைக்கும் மூட்டுக்கும் கிடைக்கும் அந்த அழுத்தம் பல பிள்ளைகளை நிதானப்படுத்தும். உள்ளே எடை வைத்துத் தைத்த, விலை அதிகமான ஜாக்கெட்டுகளின் பலன் இன்னும் உறுதியாகவில்லை.

இவற்றில் எது எந்தப் பிள்ளைக்கு, எவ்வளவு என்று பார்த்துச் சொல்லத்தான் தெரபிஸ்ட் தேவை. அவர் நேரில் பார்த்து, பெற்றோரைச் செய்யவைத்துக் காட்டி, திட்டத்தை மாற்றித் தர மாதம் இரண்டு சந்திப்புகள் இருந்தாலே பெரும்பாலான குடும்பங்கள் தாக்குப்பிடிக்கும். சேலம் நகரத்து அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளரும் குழந்தைக்கும் இதே தேவைதான். ஆனால் அவர்களுக்கு மருத்துவமனை எட்டும் தூரம்.

எனவே மாவட்ட நிர்வாகத்துக்கு எங்கள் கோரிக்கை இது. மாதத்தில் இரண்டு நாள், ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஏற்காடு அரசு மருத்துவமனைக்கோ பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்கோ வர வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு குழந்தைகள், ஆளுக்கு ஒரு மணி நேரம். சத்தமில்லாத ஓர் அறை, எடை தாங்கும் ஒரு கொக்கி, இரண்டு தடித்த மெத்தைகள், ஒரு பெரிய தெரபிப் பந்து, குழந்தை உயரத்துக்கு மேசையும் கால் தரையில் படும் நாற்காலியும் போதும். மீதிப் பொருட்கள் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் அந்த நாட்களில் உடனிருந்து கற்றால், இடைப்பட்ட வாரங்களில் அவர்களே தொடர்வார்கள். வீட்டில் செய்வதை இரண்டு நிமிட வீடியோவாகப் பெற்றோர் அனுப்பினால், தவறை அடுத்த சந்திப்புக்குள் திருத்திவிடலாம்.

பழப் பறிப்பு தொடங்கும் முன் இதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த இரண்டு நாட்களையும் சந்தை நாளில் வையுங்கள். நாகலூர்க்காரர்கள் அன்று எப்படியும் ஏற்காட்டுக்கு வருவார்கள்.

இப்படிக்கு,
ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பயிற்சி அளிப்போர்,
சேலம்.