கூட்டாகவும் தனித்தனியாகவும்

பாளையங்கோட்டை,
ஆனி 24

மாப்ள,

நாலு மாசமா போனை எடுக்காதவன் இன்னைக்குக் காயிதம் எழுதுதானேன்னு பாக்கியா? ஏசுறதை எல்லாம் கடைசிவரை வாசிச்சுட்டு ஏசு. இது போன்ல சொல்லுற சமாச்சாரம் இல்ல. போன்ல நீ எடையில சிரிச்சிருவ, நானும் சிரிச்சிருவேன், விஷயம் அங்கனயே நின்னுரும்.

இங்க எல்லாரும் சொகம். எனக்கு முட்டுவலி, உன் தங்கச்சிக்கு என் முட்டுவலியால தலைவலி. நெல்லையப்பர் தேர் நிலைக்கு வந்தாச்சு. வடம் பிடிக்க நீ வரல. நானும் பிடிக்கல, பந்தல்ல உக்காந்து மோர் குடிச்சேன். நம்ம கூட்டாளி சொட்டையோட பேரனுக்கு மொட்டை போட்டாச்சு. இனி அந்த வீட்டுல ரெண்டு சொட்டை.

தாக்கல் என்னன்னா, சின்னவளுக்கு நியூயார்க்குல வேலை ஆயிட்டு. வேலைக்குப் பட்ட பாட்டைவிட வீட்டுக்குப் பட்ட பாடுதான் பெரும்பாடு. குவீன்ஸ்னு ஒரு பகுதி. ரெண்டு அறை, பட்டாசலை ஒரு பலகை வச்சு மறிச்சா மூணாவது ஆளும் படுத்துக்கிடலாம். மாச வாடகை 3,600 டாலர். மூணு பேரு பங்கு போட்டா தலைக்கு 1,200, அவ சம்பளத்துக்குத் தாங்கும்னு நான் கணக்குப் போட்டேன். நீ தமிழ் வாத்தியாரு, கணக்குன்னா எந்திரிச்சு ஓடுவ. இருந்தாலும் கேளு.

அந்த ஊருல மாச வாடகையை 40-ஆல பெருக்குவாங்க. அந்தத் தொகை வருஷச் சம்பளமா வரணும். சட்டமெல்லாம் இல்ல, வீட்டுக்காரங்க வச்சிருக்க வழக்கம். அமெரிக்காவுல மத்த இடங்கள்ல மாசச் சம்பளம் வாடகையைப் போல மூணு மடங்குன்னு கேப்பாங்களாம், நியூயார்க்குல அதைவிடக் கொஞ்சம் கூடுதல். 3,600-க்கு 1,44,000 ஆச்சா? அதுவும் வரி பிடிக்கிறதுக்கு முன்னால உள்ள சம்பளம். "வாடகையை வரி போக மிஞ்சுறதுல இருந்துதானட்டி குடுக்கணும்?"னு கேட்டேன். "அதை அவங்ககிட்ட கேளுங்கப்பா"ங்கா.

சேந்து குடியிருக்கிற பிள்ளைகளோட சம்பளத்தைக் கூட்டிப் பாக்கதா, தனித்தனியாப் பாக்கதாங்கிறது வீட்டுக்காரன் மனசு. முதல்ல பாத்த வீட்டுல ஒவ்வொருத்திக்கும் 40 மடங்கு வேணும்னுட்டான். அம்புட்டுச் சம்பளம் இருந்தா எதுக்குடே மூணு பேரு நெருக்கியடிச்சுக் கிடக்காளுவ? கோட்டிப்பய. ரெண்டாவது வீடு ஒரு கம்பெனிது. அவன் கூட்டிப் பாக்கேன்னான். நம்மவளுக்கு 92,000, ஒரு மலையாளத்துப் பிள்ளைக்கு 58,000, மூணாவது ஆராய்ச்சி படிக்கிற பிள்ளை, அவளுக்கு உதவித்தொகை 34,000. தாராளமாத் தேறுது. வேலை உத்தரவு, சம்பளச் சீட்டு, பேங்குக் கணக்கு எல்லாம் குடுத்தாச்சு. கிரெடிட் ஸ்கோர்னு ஒண்ணு கேட்டான். புதுசாப் போன பிள்ளைக, அங்க கடனே வாங்கினதில்ல, அதனால மதிப்பெண்ணும் இல்ல. கடன் வாங்காதது ஒரு குறையாடே? நான் பேங்குல கடன் இல்லாதவனைத் தேடிப்பிடிச்சுல்லா கடன் குடுத்தேன்!

கையெழுத்துப் போட நாலு நாள் இருக்கையில மலையாளத்துப் பிள்ளைக்கு டெக்சாஸ்ல வேற வேலை கிடைச்சுட்டு. அவ பெட்டியைத் தூக்கிட்டா. மிச்ச ரெண்டு பேரையும் கூட்டினா 1,26,000. பதினெட்டாயிரம் துண்டு விழுது. ஜாமீன்தாரர் கொண்டுவாங்கன்னுட்டான் கம்பெனிக்காரன். சின்னவ ராத்திரி கூப்பிட்டு, "அப்பா, நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?"ன்னு கேட்டா. எனக்கு ஒரே பெருமை. நம்ம கையெழுத்துக்கு நியூயார்க்குல மதிப்பான்னு மீசையைத் தடவிக்கிட்டேன். பொறவுதான் சொல்லுதா, ஜாமீன்தாரருக்கு 80 மடங்கு வேணுமாம், 2,88,000 டாலர். அதுவும் அந்த நாட்டுச் சம்பளமா இருக்கணுமாம். என் பென்ஷனை வருஷத்துக்கும் கூட்டி டாலரா மாத்துனா அந்த வீட்டுக்கு ரெண்டரை மாச வாடகைக்குக் காணாது. காசு வாங்கிக்கிட்டு ஜாமீன் நிக்கிற கம்பெனியும் அங்க உண்டு. ஒரு மாச வாடகை கிட்ட கேட்டிருக்கான். திரும்பி வராத காசு. வேண்டாம்னுட்டேன்.

ஒண்ணு மட்டும் சொல்லணும். அட்வான்ஸ் ஒரு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாது, விண்ணப்பத்துக்கு 20 டாலருக்கு மேல கேக்கக்கூடாதுன்னு 2019-ல அங்க சட்டம் போட்டுட்டாங்க. நம்ம தமிழ்நாட்டு 2017 வாடகைச் சட்டத்துல மூணு மாசம்னு இருக்கு. கூடவே, ஒப்பந்தம் வேற மாதிரி இருந்தா அதும்படின்னு ஒரு பொந்தும் இருக்கு. அந்தப் பொந்துக்குள்ளதான் நம்மூரு வீட்டுக்காரன் குடியிருக்கான்.

இன்னொண்ணு. இத்தனை கேள்வியில ஒருத்தனும் அவகிட்ட என்ன ஆளுகன்னு கேக்கல. நிறம், மதம், பொறந்த நாடு பாத்து வீடு இல்லன்னு சொல்லக்கூடாதுன்னு அங்க 1968-லயே சட்டம். வேற வேற வழியில பாக்கத்தான் செய்வான், அது இருக்கட்டும். எனக்கு நம்ம மச்சுவீடுதான் ஞாபகம் வந்துது. முருகன்குறிச்சியில அந்த ஆச்சி நம்ம சம்பளத்தைக் கேட்டாளா? 120 ரூவா வாடகை, மூணு பேரு, ஆளுக்கு 40. "நீங்க யாரு பிள்ளையள்?"னு கேட்டா. நீ, "வாடகை குடுக்கிற பிள்ளையள் ஆச்சி"ன்னே. இப்பவும் சொல்லிச் சிரிக்கோம். ஆனா அதுக்கு முந்தி ரெண்டு வளவுல உன்னைத் தெருவுல நிக்கவச்சே பேசி அனுப்புனதை நாம சொல்லுறதே இல்ல. நான் உள்ள போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்தேன் மாப்ள. அது எனக்கு மறக்கல.

சரி, விட்ட இடத்துக்கு வாரேன். மூணாவதா ஒரு பிள்ளை கிடைச்சுட்டு, 61,000 சம்பளம். எந்த ஊருங்கே? தென்காசி! உலகத்தைச் சுத்திப்போய்த் தென்காசிப் பிள்ளையைப் பிடிச்சிருக்கா. கூட்டுத்தொகை 1,87,000. கம்பெனிக்காரன் தலையாட்டிட்டான். சின்னவ ஒப்பந்தத்தை எனக்கு அனுப்புனா. முழுக்க வாசிச்சேன், பழைய புத்தி. பதினொண்ணாவது பக்கத்துல நின்னுட்டேன். குடியிருக்கிறவங்க எல்லாரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. அதாவது, உள்ள விடும்போது மூணு சம்பளத்தையும் கூட்டிப் பாப்பான். வாடகை நின்னா 1,200-ன்னு பிரிக்கமாட்டான், யாரு கையில இருக்கோ அவகிட்ட முழு 3,600-ஐயும் கேப்பான். ரெண்டு பேரு குடுத்து ஒருத்தி குடுக்கலைன்னாலும் மூணு பேருக்கும் பாக்கிதான். ஒருத்தி எடையில போனாலும் வருஷம் முடியுற மட்டும் ஒப்பந்தம் நிக்கும். கூடச் சம்பளம் நம்மவளுக்குத்தான். முதல்ல யாரைத் தேடுவான்?

இதை நான் போன்ல அரைமணி நேரம் விளக்குனேன். அவ பொறுமையாக் கேட்டுட்டுச் சொன்னா: "அப்பா, பேங்குல நீங்க எல்லாரையும் இதுலதானே கையெழுத்துப் போட வச்சீங்க?"

மாப்ள, அன்னைக்கு ராத்திரி எனக்கு உறக்கம் வரல.

1998-ல சொட்டை வெல்டிங் பட்டறைக்குக் கடன் கேட்டான். ஜாமீனுக்கு உன்னைக் கூட்டியாந்தது அவன் இல்ல, நான். அரசாங்க வாத்தியாருன்னா எங்களுக்கு அல்வா. பள்ளிக்கூடம் விட்டு சைக்கிள்ல வந்தே, சட்டையெல்லாம் சாக்குப்பீஸ். நான் பேனாவைக் குடுத்து, "சும்மா ஒரு சம்பிரதாயம்டே, இங்கன, இங்கன, இங்கன"ன்னு விரலை வச்சுக் காட்டுனேன். நீ ஒரு வரியும் வாசிக்கல. நானும் வாசிச்சுக் காட்டல. இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆவது பிரிவு. கடன்காரனுக்கு எம்புட்டுப் பொறுப்போ அம்புட்டும் ஜாமீன்தாரனுக்கு. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுனவன் நான். உறக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். உன்கிட்ட சொல்லல. சொன்னா நீ யோசிப்பே, மார்ச்சு மாசம் எனக்கு இலக்கு முடியணும்.

பட்டறை ரெண்டு வருஷத்துல படுத்துட்டு, சொட்டை திருப்பூருக்குப் போனான். உன் சம்பளத்துல பிடிச்சாங்க. உன் கூடப்பொறந்த தங்கச்சி கல்யாண வருஷம். நீ ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா சண்டை போட்டுத் தீத்திருக்கலாம். கல்யாண வீடுகள்ல பாத்துச் சிரிச்சுக்கிட்டோம், அவ்வளவுதான். பொறவு சொட்டை பாதிக் காசு உனக்குத் திருப்பினான்னு கேள்விப்பட்டேன். மீதியைப் பத்தி நான் விசாரிக்கக்கூட இல்ல.

சின்னவகிட்ட ஒண்ணு சொல்லியிருக்கேன். கையெழுத்துக்கு முன்னால மூணு பேரும் உக்காந்து தங்களுக்குள்ள ஒரு தாள் எழுதணும். எந்த அறைக்கு எவ்வளவு, அட்வான்ஸுல யாரு பங்கு எது, போறவ எத்தனை மாசம் முந்திச் சொல்லணும், தனக்குப் பதிலா ஆளு தேடுறது யாரு பொறுப்பு. கம்பெனிக்காரனை அந்தத் தாள் கட்டுப்படுத்தாது. ஆனா ஒருத்தி முழுசும் கட்டும்படி ஆச்சுன்னா மத்தவகிட்ட கேக்க ஒரு பிடி வேணும். "கூடப் படுத்து எந்திரிக்கிறவகிட்ட எப்படிப்பா எழுதி வாங்க?"ன்னு கூச்சப்பட்டா. "அந்தக் கூச்சத்துக்கு என் கூட்டாளி ரெண்டு வருஷச் சம்பளத்தைக் குடுத்திருக்கான்"ன்னேன். யாருன்னு கேட்டா. சொன்னேன். "மாமாகிட்ட பேசுனீங்களா?"ன்னா.

அதான் எழுதுதேன்.

ஆடி பொறக்கட்டும், சாரல் விழுது, குத்தாலம் போவோம். சொட்டையையும் கூப்பிடுவோமா வேண்டாமா, நீ சொல்லு. பழைய பாஸ்புக்கு வச்சிருந்தா எடுத்துக்கிட்டு வா. எம்புட்டுப் பிடிச்சாங்கன்னு எனக்குத் தெரியணும்.

இப்படிக்கு,
மச்சுவீட்டுக் கூட்டாளி

பி.கு.: மச்சுவீட்டைக் காலி பண்ணுன மாசம் உன் பங்கு 40 ரூவா நான்தான் கட்டுனேன். அதையும் கணக்குல சேத்துக்க.