ஊர்ச் சாப்பாட்டை அளக்கப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் பொதுச் சுகாதாரம் படிக்கும், ஆய்வு செய்யும் அன்பர்களுக்கு,

வணக்கம். வருமானம் குறைந்த நாடுகளில் ஓர் ஊரில் என்ன உணவு கிடைக்கிறது, என்ன விலை, வாங்க எவ்வளவு தூரம் போகவேண்டும் என்று அளக்கும் வேலை மிக அவசியமானது. 2022இல் உலகில் சுமார் 280 கோடிப் பேருக்குச் சத்தான சாப்பாடு கட்டுப்படியாகவில்லை என்று ஐநா அமைப்புகளின் அறிக்கை சொன்னது. அது நாடுவாரியாகப் போட்ட கணக்கு. ஒரு தெருவில் ஏன் கட்டுப்படியாகவில்லை என்பது அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

போகும்போது கையில் என்ன படிவம் கொண்டுபோகிறீர்கள் என்பதுதான் என் கவலை. அமெரிக்காவில் உருவான ஒரு படிவம் கொழுப்பு குறைந்த பால் இருக்கிறதா, முழுக்கோதுமை ரொட்டி இருக்கிறதா என்று கடை கடையாகக் கேட்கும். சிங்கப்பூரில் தெருவோர வியாபாரிகளை 1970, 80களிலேயே உணவங்காடி நிலையங்களுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். இங்கே உரிமப் பட்டியலை வைத்தே வரைபடம் போட்டுவிடலாம். நான் பிறந்த புதுக்கோட்டைப் பக்கத்தில் அப்படி ஒரு பட்டியலை நம்பிப் போனால் பாதி உணவு கண்ணில் படாது.

காலையில் வெயில் ஏறுவதற்குள் கீரைக்காரம்மா கூடையோடு வந்து போய்விடுவார். மீன்காரர் மொபெட்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹாரன் அடித்தபடி வருவார்; தெருமுனையில் நாலு வீடு கூடும், கால் மணி நேரத்தில் வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். காய்கறிக்கு வாரச்சந்தை. பதினொரு மணிக்குக் காரில் வந்து இறங்கும் கணக்கெடுப்பாளருக்குத் தெரிவது பெட்டிக்கடை ஒன்றுதான். அதன் வாசலில் சரம் சரமாகத் தொங்கும் அஞ்சு ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டுகளைப் பார்த்து, இந்த ஊரில் சத்தான உணவே கிடையாது என்று எழுதிவிடுவார். அந்தப் பாக்கெட்டுகளையும் எண்ணத்தான் வேண்டும், அதுவும் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில். ஆனால் அவை மட்டும் ஊர் ஆகிவிடாது.

அப்புறம், காசு கொடுக்காமல் வரும் சாப்பாடு இருக்கிறதே! தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 2011 முதல் அரிசி இலவசம். துவரம்பருப்பும் பாமாயிலும் மானிய விலையில் கிடைக்கின்றன. பள்ளியில் மதியம் சத்துணவு. 2022இல் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. ஒரு குழந்தையின் தட்டில் விழுவதில் பெரும்பங்கு இதுதான் என்றால், கடைகளை மட்டும் எண்ணி என்ன பயன்? ஊருக்கு ஊர் இது மாறும். பங்ளாதே‌ஷில் வேறு, மியன்மாரில் வேறு. அதனால்தான் ஒரே படிவம் போதாது என்கிறேன்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் கேட்டு எழுதும் விலை ரொக்க விலை. எங்கள் ஊரில் பல வீடுகள் நோட்டில் எழுதி வாங்கி, கூலி வந்ததும் கொடுக்கும். கடன் சொல்ல முடிகிற கடையில்தான் வாங்குவார்கள், பக்கத்தில் மலிவான கடை இருந்தாலும் சரி. யார் கடன் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியையும் படிவத்தில் சேருங்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொள்ள விமானம் ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியா வட்டாரத்துத் தேக்காவுக்கு வாருங்கள். நீங்கள் அளக்கப்போகிற ஊர்களிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்கள் பலர் அங்கே சிராங்கூன் சாலையில்தான் இருப்பார்கள். படிவத்தை அவர்களிடம் காட்டுங்கள். ஊரில் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது மனைவியோ அம்மாவோ வாங்கிவருவதை வைத்துத்தான் என்பதால், சம்மதித்தால் போனில் அவர்களிடமும் பேசுங்கள். வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வுநாளை உங்களுக்குத் தருகிறார்கள். அந்த நேரத்துக்குப் பணம் கொடுங்கள்.

முடிவுகள் ஆய்விதழோடு நின்றுவிடக் கூடாது. தமிழ்நாட்டில் அளந்தால், மே 1, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கிராம சபையில் தமிழிலேயே வாசித்துக் காட்டுங்கள். தவறாக எழுதியிருந்தால் ஊர்க்காரர்கள் அங்கேயே திருத்துவார்கள்.

அன்புடன்,
தேக்கா மளிகைக்கடை ஊழியர் ஒருவர்