கவரை எண்ணினேன், ஆளை விசாரிக்கவில்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். நானும் இவளும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முட்டிவலி இப்போது எப்படி? போனில் கேட்டால் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுகிறாள். நீங்களாவது உள்ளதை எழுதுங்கள்.

இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் குரலைக் கேட்டால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கிடங்கில் எனக்கு இன்னும் ராத்திரி ஷிப்ட்தான். சனி ராத்திரி போனால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வெளியே வருவேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் மணிக்கு ஒன்றுதான். ஒன்றை விட்டால் அந்தக் குளிரில் நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து, ஒரு மணிக்கெல்லாம் சபைக்குப் போய்விடுவேன். எங்களுக்கென்று ஆலயம் கிடையாது. உள்ளூர் சபை ஒன்றின் ஹாலை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். காலையில் அவர்கள் ஆராதனை, இரண்டு மணிக்கு நம்முடைய தமிழ் ஆராதனை. நாற்காலிகளை விரித்துப் போட்டு, முடிந்ததும் மடக்கிச் சுவர் ஓரமாக அடுக்கிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

மொத்தம் நாற்பது குடும்பம். போதகரும் வாரத்தில் ஐந்து நாள் பஸ் ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்தால் ஆஸ்பத்திரியில் மொழி தெரியாமல் தவிக்கிறவருக்குப் பேச இவரைத்தான் கூப்பிடுவார்கள். விசா காகிதம் வந்தாலும், புருஷன் பெண்சாதிக்குள் சண்டை வந்தாலும் இவருக்குத்தான் போன். ஒரு ஞாயிறு பிரசங்கத்துக்கு நடுவே ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டார். வசனம் மறக்கவில்லை, அசதி. எனக்கு அப்போது எத்திரோவின் நினைவு வந்தது. மருமகன் மோசே காலை தொடங்கி சாயங்காலம் வரை உட்கார்ந்து ஜனங்களின் வழக்கைக் கேட்பதைப் பார்த்து, "இப்படிச் செய்தால் நீரும் தளர்ந்துபோவீர், ஜனங்களும் தளர்ந்துபோவார்கள்" என்று சொன்னாரே. ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து என்று ஆட்களைப் பிரித்துவிடச் சொன்னவர் தீர்க்கதரிசி அல்ல, மாமனார். வீட்டில் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று கவனித்தால்தான் இது கண்ணில் படும் போல.

போன வருஷம் என்னைப் பொருளாளராகப் போட்டார்கள் என்று எழுதியிருந்தேன். சந்தோஷப்பட்டுப் பதில் போட்டீர்கள். அந்தப் பொறுப்பில் நான் செய்த தவறைத்தான் இப்போது சொல்ல வருகிறேன்.

இங்கே ஒரு அக்கா இருக்கிறார்கள். எப்போதும் கடைசி வரிசையில் உட்காருவார்கள். ஆராதனை முடிந்ததும் யாரும் சொல்லாமலே நாற்காலிகளை மடக்கத் தொடங்கிவிடுவார்கள். கொஞ்ச நாளாகக் கணவர் வரவில்லை, பையனோடு மட்டும் வந்தார்கள். "எப்படி இருக்கீங்க அக்கா?" என்று போகிற போக்கில் கேட்பேன். "நல்லா இருக்கேன் தம்பி, கர்த்தர் நல்லவர்" என்பார்கள். சரி என்று நகர்ந்துவிடுவேன்.

காணிக்கைக் கவரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு எண் உண்டு. எண்ணுகிறவன் நான். அந்த அக்காவின் கவரில் எப்போதும் ஒரு நோட்டு, நான்காய் மடித்து இருக்கும். ஒரு ஞாயிறு பிரித்தபோது நோட்டுக்குப் பதில் சில்லறை மேஜையில் விழுந்தது. அடுத்த வாரமும் சில்லறை. மூன்றாவது வாரம் நான்கைந்து நாணயந்தான், அதுவும் சத்தம் கேட்காமல் இருக்கத் துண்டுத் தாளில் பொதிந்து. அப்பா, மூன்று வாரமும் நான் அதை எண்ணினேன், நோட்டில் எழுதினேன், கூட்டினேன், கணக்குச் சரி என்று கையெழுத்தும் போட்டேன். ஏன் குறைகிறது என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் வேறொருவர் மூலமாகத்தான் விஷயம் தெரிந்தது. அக்காவின் கணவர், அந்த அண்ணனுக்கு வேலையிடத்தில் முதுகில் அடிபட்டு ஏழு வாரம். வேலை போய்விட்டது. இங்கே தங்குவதற்கான அனுமதி அந்த வேலையோடு கட்டப்பட்டது, அது போனால் இதுவும் ஆட்டம் காணும். ஏழு வாரமும் அவர்கள் ஆராதனைக்கு வந்திருக்கிறார்கள், பாடியிருக்கிறார்கள், நாற்காலி மடக்கியிருக்கிறார்கள்.

அன்றைக்கு ராத்திரி வேலையில் இடைவேளை நேரத்தில் போனில் அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தை எடுத்தேன். நீங்கள் எத்தனையோ தடவை அதைப் பிரசங்கித்துக் கேட்டிருக்கிறேன். ஆனால் பரதேசத்தில் உட்கார்ந்து வாசிக்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. எருசலேம் சபைக்குள்ளே எழுந்த முறுமுறுப்பு உபதேசத்தைப் பற்றியது அல்ல, சாப்பாட்டைப் பற்றியது. கிரேக்கு பேசுகிற விதவைகள் அன்றாட விசாரணையில் விடுபட்டுப் போனார்கள். வேண்டுமென்று யாரும் விட்டிருக்க மாட்டார்கள். பேச்சு வேறு, பழக்கம் வேறு, கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அதற்காக ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்களே, ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா, ஏழும் கிரேக்கப் பெயர். நிக்கொலா அந்தியோகியா ஊர்க்காரர். குறைபட்டவர்கள் பக்கத்திலிருந்தே ஆளை எடுத்துப் பொறுப்பை ஒப்படைத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

"விசாரணை" என்ற வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். இப்போது அதைக் கேட்டால் போலீஸ் ஸ்டேஷன்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் நீங்கள் ஆராதனை முடிந்து வாசலில் நின்று, "மகளுக்குக் காய்ச்சல் விட்டதா? கடுதாசி வந்ததா?" என்று கேட்டு, பதில் வரும்வரை கையை விடாமல் பிடித்திருப்பீர்களே, அதுவும் விசாரிப்புதான். தீமோத்தேயுவுக்கு எழுதும்போதும் பவுல் அதே வார்த்தையைத்தான் சொல்கிறார்: சொந்தக் குடும்பத்தை நடத்தத் தெரியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான்? அதுவும் என்னைக் குத்தியது. சின்னவன் போன வாரம் நான் சட்டை மாட்டுவதைப் பார்த்து, "இன்னைக்கும் கமிட்டியாப்பா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

மறுநாள் போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நானும்தானே தம்பி பார்க்கவில்லை" என்றார். அப்புறம் இரண்டு பேருமாக அந்த அக்கா வீட்டுக்குப் போனோம். அண்ணன் தரையில் படுத்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அக்கா அழவில்லை, எங்களைத் திட்டவும் இல்லை. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் தம்பி, யாரும் நிக்கலியே" என்றார்கள். அந்த ஒரு வார்த்தை இன்னும் காதிலேயே இருக்கிறது.

வாடகைக்குச் சபையில் உதவி செய்திருக்கிறோம். அனுமதி விஷயத்துக்கு அதற்கென்று படித்த ஆலோசகர் ஒருவரைப் பிடித்திருக்கிறோம். நாற்பது குடும்பத்தையும் நாலாகப் பிரித்து, பத்துக் குடும்பத்துக்கு ஒருவர் என்று வைத்தோம். அதில் ஒரு பத்தை அந்த அக்காவிடமே ஒப்படைத்தோம். முதலில் வேண்டாம் என்றார்கள். இப்போது எங்கள் மூன்று பேரையும்விட அவர்களுக்குத்தான் எல்லோர் வீட்டு நிலையும் தெரிகிறது. யார் நாலு நாளாகப் பேசவில்லை, யார் முகம் வாடியிருக்கிறது என்று நாற்காலியை மடக்கிக்கொண்டே சொல்லிவிடுகிறார்கள்.

இங்கே வந்த புதிதில், இந்த ஓட்டத்தில் ஊழியம் எங்கே செய்வது என்று நினைத்திருக்கிறேன். இப்போது ஆக்கில்லா, அவர் மனைவி பிரிஸ்கில்லாள் இருவரையும்தான் அடிக்கடி நினைக்கிறேன். ஆக்கில்லா பொந்துவில் பிறந்தவர், ரோமாபுரியிலிருந்து கிலவுதியுராயன் கட்டளையால் துரத்தப்பட்டு கொரிந்துவுக்கு வந்தார், அப்புறம் எபேசு. பிழைப்புக்குக் கூடாரம் தைத்தார்கள். பவுலும் அவர்களோடு உட்கார்ந்து தைத்தார். அவர்கள் வீட்டிலேயே சபை கூடியது. ஊசி குத்திய விரலோடுதான் ஜெபித்திருப்பார்கள். அட்டைப்பெட்டி கிழித்துக் கிழித்து வெடித்துப்போன என் விரல்களைப் பார்க்கும்போது அது எனக்குத் தைரியமாக இருக்கிறது.

ஒரு உதவி வேண்டும் அப்பா. நீங்கள் மூப்பராக இருந்தபோது வைத்திருந்த நீல அட்டை நோட்டு இன்னும் பீரோவில் இருக்குமே. வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி போட்டு எழுதுவீர்கள். அதில் என்னென்ன எழுதினீர்கள், எதை எழுதாமல் மனதில் மட்டும் வைத்துக்கொண்டீர்கள் என்று சொல்லுங்கள். அடுத்தவர் வீட்டு ரகசியம் என்பதால் பக்கங்களை அனுப்ப வேண்டாம். முறையைச் சொன்னால் போதும். நானும் ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன், முதல் பக்கத்தில் இவள் பெயரையும் சின்னவன் பெயரையும் எழுதியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அண்ணனின் அனுமதி விஷயமாக முடிவு தெரியும். அம்மாவிடமும் சொல்லி, இரண்டு பேரும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகன்