ஹோட்டலில் தங்கும்போது பிறந்தநாள் ஏற்பாடுகள்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பயணத்தில் தங்கும் ஹோட்டலிலேயே வீட்டாரின் பிறந்தநாளைக் கொண்டாட விரும்புவோர் பலர் கேட்டதால் இதை எழுதுகிறேன். முன்பதிவு இணையதளத்தின் ‘சிறப்புக் கோரிக்கை’ கட்டத்தில் எழுதியதோடு நின்றுவிடாதீர்கள். அது வேண்டுகோள் மட்டுமே, உறுதிமொழி அன்று. ஒரு வாரம் முன்னதாக ஹோட்டலுக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி, முன்பதிவு எண், பிறந்தநாள் காண்பவரின் பெயர், நீங்கள் வெளியே சென்றிருக்கும்போது அறையை அலங்கரிக்க ஏற்ற நேரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, எவை இலவசம், எவற்றுக்குக் கட்டணம் என்பதை எழுத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள். வரவேற்புப் பிரிவில் ஷிப்ட் மாறும்போது வாய்மொழியாகச் சொன்னது எளிதில் விடுபட்டுப் போகும் என்பதால், முந்தைய நாள் தொலைபேசியில் ஒருமுறை நினைவூட்டுவதும் அவசியம்.

முன்பதிவில் யாருடைய கைப்பேசி எண் உள்ளதோ, அவரைத்தான் ஹோட்டலார் அழைப்பார்கள். என் மனைவியின் எண்ணை நான் கொடுத்திருந்ததால், “கேக்கில் என்ன பெயர் எழுத வேண்டும்?” என்று அவரிடமே கேட்டுவிட்டார்கள், பல நாள் ஆசையாக மறைத்து வைத்திருந்தது ஒரு நொடியில் வெளிப்பட்டதில் மிகவும் வருந்தினேன்.

அறைக்குள் மெழுகுவர்த்தி ஏற்ற அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். புகை உணரி ஒலித்தால் மற்ற விருந்தினர்களும் பதறிப்போவார்கள். பேட்டரி விளக்குகளே பாதுகாப்பானவை. வெளியிலிருந்து கேக் கொண்டுவருவதைச் சில ஹோட்டல்கள் அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும், அறையிலுள்ள சிறு குளிர்பெட்டிக்குள் கேக் பெட்டி பெரும்பாலும் நுழையாது. சமையலறையில் வைத்துத் தரும்படி கேட்கலாம்.

மாதிரி மின்னஞ்சல் தேவைப்படுவோர் குழுவிலேயே கேளுங்கள், அனுப்புகிறேன்.